தரையில் சரி, வானில் கோளாறு

மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்களுக்கு நன்கு பழக்கமான புதிர் ஒன்று உண்டு. புறப்படும் முன் குச்சியை அசைத்துப் பார்த்தார்கள். வாலில் இருக்கும் பலகைகள் ஒழுங்காகத் திரும்பின. விமானம் ஏறியது, மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு கீழ்நோக்கிப் பாய்ந்து நிமிர வேண்டிய இடத்தில் நிமிரவில்லை. நேராக வந்து வயலில் குத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தால் இறக்கை நொறுங்கிக் கிடக்கிறது. ஆனால் கையிலுள்ள குச்சியை அசைத்தால், உடைந்த உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் வால் பலகை முன்போலவே மேலும் கீழும் ஆடுகிறது. மேலே இரண்டு விநாடி மட்டும் வந்துபோன கோளாறு இப்போது எங்கே?

மைதானத்தில் இதற்குச் சட்டென்று கிடைக்கும் விளக்கம் "சிக்னல் போயிடுச்சு" என்பது. சில நேரம் அது உண்மைதான். பல நேரம் சிக்னல் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். அதை வாங்கிச் செயல்படுத்த வேண்டிய ஏதோ ஒன்று அந்த இரண்டு விநாடி தளர்ந்திருக்கும். தரையில் சும்மா நிற்கும்போது விமானத்துக்குள் எந்தப் பகுதிக்கும் பெரிய வேலை இல்லை. காற்று பலகையைத் தள்ளுவதில்லை, எஞ்சின் உலுக்குவதில்லை, தூரமும் இல்லை. சுமை வந்தால் மட்டும் தலைகாட்டும் பழுது, சுமை நீங்கியதும் மறைந்துவிடும். ஆகவே ரேடியோ கருவியைப் பொருத்தும் கலையும் பராமரிக்கும் கலையும் ஒரே கேள்வியில் அடங்கும்: வானில் விமானம் படும் பாட்டைத் தரையிலேயே அதற்குக் கொடுத்துப் பார்த்தோமா?

விரலிலிருந்து வால் வரை

கட்டளை எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பார்ப்போம். கையில் இருக்கும் பெட்டி டிரான்ஸ்மிட்டர், அதாவது அலைபரப்பி. அதன் குச்சிக்கு அடியில் ஒரு மாறுதடை இருக்கிறது. குச்சி சாயும்போது அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தை ஒரு சில்லு எண்ணாக்கி, ரேடியோ அலையில் ஏற்றி அனுப்புகிறது. விமானத்தில் உள்ள ரிசீவர், அதாவது அலையேற்பி, அந்த எண்ணைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு பலகையையும் அசைக்கும் சர்வோவுக்கு ஒரு மின்துடிப்பாகக் கொடுக்கிறது.

அந்தத் துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான் கட்டளை. விநாடியை ஆயிரமாக வெட்டினால் கிடைப்பது ஒரு மில்லி விநாடி. துடிப்பு 1.5 மில்லி விநாடி நீடித்தால் 'நடுவில் நில்' என்று பொருள். 1 மில்லி விநாடி என்றால் ஒரு பக்க ஓரம்; 2 மில்லி விநாடி என்றால் மறுபக்க ஓரம். இடைப்பட்ட நேரங்கள் இடைப்பட்ட நிலைகள். வழக்கமான சர்வோவுக்கு இந்தத் துடிப்பு விநாடிக்கு 50 முறை வருகிறது.

சர்வோவைத் திறந்து பார்த்தால், உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு சிறு மோட்டார், சில பற்சக்கரங்கள், ஒரு மின்சுற்றுப் பலகை, வெளியே நீட்டிய அச்சின் அடியில் இன்னொரு மாறுதடை. சர்வோவின் கை இப்போது எங்கே நிற்கிறது என்று சுற்றுக்குச் சொல்வது இந்த மாறுதடையின் வேலை. துடிப்பு கேட்கும் இடமும் கை நிற்கும் இடமும் வேறாக இருந்தால் மோட்டார் ஓடுகிறது. இரண்டும் ஒத்ததும் நிற்கிறது. இப்படி விளைவைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பின்னூட்டம் என்று பெயர். இதை விரலாலேயே உணரலாம். மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும் சர்வோவின் கையை மெல்லத் தள்ளுங்கள்; முனகிக்கொண்டு எதிர்த்துத் தள்ளும்.

அந்த முனகலுக்கு விலை உண்டு. அசையாமல் இருக்கும் சாதாரண சர்வோ ஓர் ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு அளவே மின்னோட்டம் எடுக்கும். காற்றின் விசையை எதிர்த்து நகர முடியாமல் திணறும்போது அதே சர்வோ ஓர் ஆம்பியரோ அதற்கு மேலோ இழுக்கும். நூறு மடங்கு வேறுபாடு. நம் புதிரின் முதல் விடை இந்த எண்ணில் இருக்கிறது.

விரலின் கட்டளை வாலுக்குப் போகும் இந்த ஏற்பாடு படிப்படியாக வந்தது. 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நிகோலா டெஸ்லா, தண்ணீரில் மிதந்த சிறு படகைக் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். 1937-இல் அமெரிக்காவின் கலமசூ ஊரில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்று பெயரிட்ட விமானத்தை ரேடியோவால் பறக்கவிட்டார்கள். இன்று அது ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தக் காலத்தில் சுக்கானைத் திருப்பியது முறுக்கிய ரப்பர் பட்டையின் வலு. சிக்னலின் வேலை அந்தப் பட்டையைப் பிடித்து வைத்திருக்கும் கொண்டியை விடுவிப்பது மட்டும். எளிய கருவிகளில் ஒரு முறை அழுத்தினால் முழுதாக வலம், அடுத்த முறை முழுதாக இடம். 'கொஞ்சம் திருப்பு' என்று சொல்ல வழியே கிடையாது. குச்சி சாயும் அளவுக்குப் பலகையும் சாயும் முறை 1960-களில்தான் பரவியது. பறப்பதில் நுணுக்கம் கூடியது. அதோடு பேட்டரியின் மேல் சுமையும் கூடியது.

மின்னழுத்தம் சரியும் கணம்

மாடியில் குளித்துக்கொண்டிருக்கும்போது கீழே யாராவது குழாயைத் திறந்தால் மேலே தண்ணீர் நூலாக ஒழுகும். தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கிறது. ஆனால் குறுகிய குழாய் வழியே ஒரே நேரத்தில் அவ்வளவு வர முடிவதில்லை. பேட்டரிக்குள்ளும் இப்படி ஒரு குறுகல் உண்டு. அதை உள்தடை என்கிறோம். பேட்டரிக்கு வயது ஏற ஏற உள்தடை கூடும். சுவிட்ச், இணைப்பான், மெல்லிய கம்பி எல்லாம் தம் பங்குக்குக் கொஞ்சம் தடையைச் சேர்க்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு நிக்கல் கலங்கள் கொண்ட 4.8 வோல்ட் பேட்டரி. எல்லாத் தடையும் சேர்ந்து ஒவ்வோர் ஆம்பியருக்கும் 0.3 வோல்ட்டைத் தின்கிறது என்று கொள்வோம். தரையில் நான்கு சர்வோக்களும் சும்மா இருக்கும்போது மீட்டர் 4.8-ஐ ஒட்டியே காட்டும். பாய்ந்து நிமிரும் கணத்தில் நான்கும் சேர்ந்து 4 ஆம்பியர் இழுத்தால் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். ரிசீவருக்கு மிஞ்சுவது 3.6. பேட்டரி இன்னும் கொஞ்சம் பழையதாக இருந்தால் 3.5-க்கும் கீழே. இன்றைய ரிசீவர் ஒரு சிறு கணினி. பல ரிசீவர்களுக்கு ஏறத்தாழ 3.5 வோல்ட்தான் அடிமட்டம். அதற்கும் கீழே ஓரளவு சரிந்தால் அணைந்து, மின்னழுத்தம் மீண்டதும் முதலிலிருந்து தொடங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் கருவிகள் புதிதாக வந்த காலத்தில் இப்படி அணைந்த ரிசீவர் தன் அலைபரப்பியைத் தேடிப் பிடித்து இணைய பல விநாடிகள் ஆயின. அதற்குள் விமானம் மண்ணில். மண்ணில் விழுந்ததும் காற்றின் விசை இல்லை, சர்வோக்களுக்குத் திணறல் இல்லை, மின்னழுத்தம் மீண்டுவிட்டது. எல்லாம் வேலை செய்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை என்று எப்படித் தெரியும்? சில ரிசீவர்கள் பறக்கும்போது ஒருமுறை அணைந்து எழுந்திருந்தால், அதைக் காட்டத் தம் விளக்கை மினுக்கிக்கொண்டே இருக்கும்படி செய்யப்பட்டன. இப்போது பல ரிசீவர்கள் தம் மின்னழுத்தத்தை அளந்து கீழே அனுப்புகின்றன. பறந்து முடிந்ததும் 'மிகக் குறைந்த மின்னழுத்தம் எவ்வளவு' என்று டிரான்ஸ்மிட்டரின் திரையிலேயே பார்க்கலாம். தரையில் நின்றபோது இருந்ததைவிட மேலே அது எவ்வளவு சரிந்தது என்பது எண்ணாகவே கையில் கிடைக்கிறது.

இதிலிருந்து பேட்டரியைச் சோதிக்கும் முறையும் தெளிவாகிறது. சுமை இல்லாமல் மீட்டரை வைத்துப் பார்ப்பதில் அதிகப் பயன் இல்லை. கிழட்டுப் பேட்டரியும் அப்போது இளமையாகத்தான் தெரியும். ஓர் ஆம்பியர் இழுக்கும் சுமையைக் கொடுத்து, அப்போது மின்னழுத்தம் எவ்வளவு சரிகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கான சோதனை மீட்டர் இல்லாவிட்டால், ரிசீவரில் சும்மா இருக்கும் ஒரு துளையில் வோல்ட்மீட்டரைச் செருகிக்கொண்டு, இரண்டு குச்சிகளையும் எல்லாத் திசையிலும் வேகமாகக் கிளறுங்கள். உடன் இருப்பவர் பலகைகளை விரலால் மெல்லத் தடுத்துப் பிடிக்கட்டும். முள் அல்லது எண் எவ்வளவு இறங்குகிறது என்பதே பேட்டரியின் உண்மை நிலை.

மின்மோட்டாரில் பறக்கும் விமானங்களில் ரேடியோவுக்குத் தனி பேட்டரி வைக்காமல், மோட்டாரின் லித்தியம் பாலிமர் பேட்டரியிலிருந்தே மின்சாரத்தைக் குறைத்துக் கொடுப்பது வழக்கம். மைதானத்தில் இந்தச் சுற்றை 'பெக்' என்பார்கள். மூன்று கலப் பேட்டரி நிறைந்திருக்கும்போது 12.6 வோல்ட், ரிசீவருக்கு வேண்டியது 5. எளிய வகை 'பெக்' மீதி 7.6 வோல்ட்டை வெப்பமாக எரித்தே கழிக்கிறது. ஓர் ஆம்பியர் போனால் 7.6 வாட் வெப்பம், அதுவும் நகத்தளவுச் சில்லில், மூடிய உடம்புக்குள். சூடு எல்லை மீறினால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஆறியதும் மறுபடி உயிர்பெறும். தடயம் விடாத இரண்டாவது கோளாறு இது. மூன்று, நான்கு சர்வோக்களுக்கு மேல் இருந்தால் வெப்பம் குறைவாக விடும் சுவிட்சிங் வகை 'பெக்' வாங்குங்கள். காற்று உள்ளே வர ஒரு துளையும் வெளியே போக ஒரு துளையும் விடுங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு வேறு கவனமும் வேண்டும். ஒரு கலம் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. பறக்காத நாட்களில் கலத்துக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருந்தால் நெடுநாள் உழைக்கும். உப்பிய பேட்டரி உள்ளே வாயு சேர்ந்த பேட்டரி. அதைத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடாது. சார்ஜ் ஏறும்போது அருகில் ஆள் இருக்க வேண்டும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் இந்தப் பேட்டரியை விட்டுவைக்கவே கூடாது.

ஆயிரம் கோடியில் ஒரு பங்கு

இனி அலைக்கு வருவோம். கையிலுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் வெளிவிடும் திறன் ஏறத்தாழ பத்தில் ஒரு வாட். வீட்டு 9 வாட் எல்இடி பல்பு இதைப்போலத் தொண்ணூறு மடங்கு மின்சாரம் எடுக்கிறது. இந்தச் சிறு திறன் எல்லாப் பக்கமும் பரவுகிறது. தூரம் இரட்டித்தால் வந்து சேர்வது நான்கில் ஒன்றாகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்தின் ஆன்டெனாவுக்குக் கிடைப்பது, அனுப்பியதில் ஏறத்தாழ ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதைக்கொண்டே வேலை செய்யும்படி ரிசீவரைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அதிலும் பாதியை நாமே மறைத்துவிடாமல் ஆன்டெனாவைப் பொருத்துவது நம் பொறுப்பு.

ரிசீவரிலிருந்து நீளும் மெல்லிய கம்பியைக் கூர்ந்து பாருங்கள். கடைசி 31 மில்லிமீட்டர் மட்டும் மெலிந்து தனியாகத் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்குதான் இந்த 31 மில்லிமீட்டர். அலையை வாங்குவது அந்த நுனி மட்டுமே. மற்ற நீளம் முழுவதும் உறையிட்ட கம்பி, வாங்கியதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு. நுனியில் வெட்டுப்பட்டாலோ மடிந்து நசுங்கினாலோ ரிசீவரின் காது மந்தமாகிவிடும். முன்பு அமெரிக்காவில் புழங்கிய 72 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல். ஆகவே அந்த ஆன்டெனா ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில் வால் வரை ஓடியது.

அலை குறுகியதால் வேறொரு தொல்லையும் வந்தது. நீண்ட அலை சிறு பொருள்களைச் சுற்றி வளைந்து போய்விடும். 12.5 சென்டிமீட்டர் அலைக்கு ஒரு பேட்டரியும் எஞ்சினும் பெரிய தடைதான். அவற்றின் பின்னால் நிழல் விழும். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும் பொருள், ஆகவே அதுவும் அலையை மறைக்கும். பால்சா மரம், தெர்மோகோல், கண்ணாடி இழை ஆகியவற்றுக்குள் அலை தாராளமாகப் போகும். இன்னொன்றும் உண்டு: நேரான ஆன்டெனா தன் பக்கவாட்டிலிருந்து வரும் அலையை நன்றாக வாங்கும், தன் நுனிக்கு நேரே இருந்து வருவதை ஏறக்குறைய வாங்காது. விமானம் திரும்பும்போது நுனி உங்களை நோக்கி நின்றுவிட்டால், அந்தக் கணம் ரிசீவர் செவிடு. திருப்பம் முடிந்ததும் கேட்கத் தொடங்கிவிடும். தடயம் விடாத மூன்றாவது கோளாறு இது.

இதற்காகவே பல ரிசீவர்களில் இரண்டு ஆன்டெனாக்கள் வைக்கிறார்கள். அவற்றை ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும், இயன்ற அளவு விலக்கியும் பொருத்த வேண்டும். ஒன்றின் குருட்டுத் திசையை மற்றது பார்த்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து நாடா போட்டு ஒட்டினால் இரண்டாவதற்குக் கொடுத்த காசு வீண். பேட்டரி, மோட்டார் கம்பிகள், சர்வோவைப் பலகையோடு இணைக்கும் உலோகத் தள்ளுகம்பி ஆகியவற்றிலிருந்து ஆன்டெனா தள்ளி நிற்கட்டும். உடம்பு கார்பன் என்றால் நுனிகளை வெளியே நீட்டிவிடுங்கள். கையிலுள்ள டிரான்ஸ்மிட்டருக்கும் இதே விதி. அதன் ஆன்டெனா நுனியால் விமானத்தைச் சுட்டக்கூடாது.

பொருத்தியது சரிதானா என்று ஒரு கிலோமீட்டர் நடந்துபோய்ப் பார்க்க வேண்டியதில்லை. டிரான்ஸ்மிட்டரிலேயே தூரச் சோதனை என்ற வசதி இருக்கும். அதை இயக்கினால் திறன் வெகுவாகக் குறையும். ஆயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது என்று கொண்டால், எட்டும் தூரம் ஏறத்தாழ முப்பதில் ஒன்றாகும், ஏனென்றால் முப்பதை முப்பதால் பெருக்கினால் தொள்ளாயிரம். அந்த நிலையில் 30 மீட்டர் தள்ளி நின்றும் பலகைகள் தடுமாறாமல் அசைந்தால், முழுத் திறனில் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு எட்டும் என்று நம்பலாம். விமானத்தைத் தரையில் வைக்காமல், மரப்பெட்டி போன்ற ஒன்றின் மேல் வையுங்கள். ஒரே திசையில் பார்க்காமல், உதவிக்கு ஒருவர் அதை மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டட்டும். ஒருமுறை மோட்டாரை நிறுத்தியும், மறுமுறை விமானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓடவிட்டும் செய்யுங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் தூரம் குறைந்தால், இரைச்சல் விமானத்துக்குள்ளிருந்தே வருகிறது என்று பொருள்.

பழைய காலத்தில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. ஒவ்வொரு கருவியும் ஒரே அதிர்வெண்ணில் நிலைத்திருக்கும். அதைத் தீர்மானித்தது செருகி எடுக்கும் சிறு படிகம். அதே அதிர்வெண்ணில் இன்னொருவர் சுவிட்சைப் போட்டால் பறக்கும் விமானம் கைவிட்டுப் போகும். ஆகவே மைதானத்தில் அதிர்வெண் பலகை வைத்து, அதிலிருந்து கிளிப்பை எடுத்தவர் மட்டுமே அந்த எண்ணில் பறக்கலாம் என்று விதி வைத்திருந்தார்கள். இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை அதிர்வெண்ணை விநாடிக்குப் பலமுறை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. எந்த வரிசையில் தாவுவது என்பது இணைத்து வைத்த டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் மட்டுமே தெரியும். ரேடியோவால் செலுத்தும் டார்பீடோவை எதிரி குழப்பாமல் இருக்க இதே எண்ணத்தை முன்வைத்து, நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். பியானோவின் கட்டைகளைப் போலவே 88 அதிர்வெண்கள் என்று அவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள்.

எந்தத் துளையில் மாட்டுவது?

மின்சாரமும் அலையும் சரியாக இருந்தும் விமானம் கெட்டுப்போகலாம். சர்வோவின் கையிலும், பலகையில் திருகிய கொம்பிலும் வரிசையாகத் துளைகள் இருக்கும். தள்ளுகம்பியை எந்தத் துளையில் மாட்டுவது என்பது சிறு விஷயமாகத் தெரியும். விமானத்தின் ஆயுள் அதில் அடங்கியிருக்கிறது. சர்வோவில் உட்பக்கத் துளை, கொம்பில் வெளிப்பக்கத் துளை என்பது பொது விதி. காரணம், கம்பிக்கும் துளைக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கொம்பில் கீல் அச்சிலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளி மாட்டிய கம்பியில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் பலகை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி தளர்ந்து ஆடும். 10 மில்லிமீட்டரில் மாட்டினால் அதே ஆட்டம் மூன்று டிகிரி ஆகிவிடும். பலகை தேவைக்கு மேல் அசைகிறது என்று டிரான்ஸ்மிட்டரில் எண்ணைப் பாதியாகக் குறைப்பவர்கள் சர்வோவின் நுணுக்கத்தில் பாதியை இழக்கிறார்கள். துளையை மாற்றிக் குறைப்பவர்களுக்குப் பலகையில் விசையும் கூடுகிறது.

ஆட்டம் ஏன் ஆபத்து? வேகம் கூடும்போது, தளர்ந்த பலகையும் வளையக்கூடிய இறக்கையும் ஒன்றையொன்று தூண்டி, காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சி, மேன்மேலும் பலமாக அடித்துக்கொள்ளத் தொடங்கும். இதைப் படபடப்பு என்று சொல்லலாம். சில கணங்களில் கீல்கள் பிய்ந்துவிடும். முதல் உலகப் போரின்போது, 1916-இல், ஆங்கிலேயரின் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் பயங்கரமாக அதிர்ந்தது. அதை ஆராய்ந்த பொறியாளர் லான்செஸ்டர், மூக்கை ஏற்றி இறக்கும் இடது, வலது எலிவேட்டர் பலகைகள் தனித்தனிக் கம்பிகளில் ஓடி, ஒன்றுக்கொன்று எதிராக அசைய முடிவதே காரணம் என்று கண்டார். இரண்டையும் ஒரே குழாயால் இறுக இணைத்தால் தீரும் என்றார். அந்த வைத்தியம் இன்றைய பால்சா விமானத்துக்கும் பொருந்தும்: ஆட்டத்தை நீக்கு, விறைப்பைக் கூட்டு.

தள்ளுகம்பியின் நீளத்தையும் கவனியுங்கள். இழுக்கும்போது எந்த மெல்லிய கம்பியும் தாங்கும், தள்ளும்போது வளையும். தாங்கல் இல்லாத நீளம் இரட்டித்தால், வளையாமல் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே நீண்ட கம்பிக்கு நடுவில் ஓரிரு இடங்களில் வழிகாட்டித் துளைகள் வேண்டும். கம்பி உள்ளே வளைந்தால் வெளியே பார்ப்பவருக்கு சர்வோ நன்றாகத்தான் திரும்பும். பலகை மட்டும் காற்றுக்குப் பணிந்து நிற்கும். தடயம் விடாத நான்காவது கோளாறு இது. சோதனை எளிது: குச்சியை ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பலகையை விரலால் எதிர்ப்புறம் அழுத்துங்கள். உள்ளே கம்பி வில்லாக வளைகிறதா என்று பாருங்கள்.

ஒரு லட்சம் அதிர்வு

நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுழலும் எஞ்சின், பத்து நிமிடப் பறத்தலில் விமானத்தை ஒரு லட்சம் முறை உலுக்குகிறது. கம்பி எந்த இடத்தில் மடிந்து மடிந்து நிமிர்கிறதோ அங்கேதான் அறும். பெரும்பாலும் அது சாலிடர் முடிந்து மெல்லிழைகள் தொடங்கும் இடம். வெளியே உறை முழுசாக இருக்க, உள்ளே இழைகள் ஒன்றிரண்டாக அறுந்து, கடைசியில் அதிர்வின்போது மட்டும் விட்டுவிட்டுத் தொடும்.

அதனால்தான் எஞ்சின் விமானத்தில் ரிசீவரை ஸ்பாஞ்சில் சுற்றித் தளர்வாக வைக்கிறார்கள். இறுகக் கட்டினால் ஸ்பாஞ்ச் போட்ட பயனே இல்லை. சர்வோவின் நான்கு காதுகளிலும் ரப்பர் வளையங்கள், அவற்றுக்குள் பித்தளைக் குழல்கள். குழலின் தட்டையான விளிம்பு மரத்தின் பக்கம் இருக்கும்படி கீழிருந்து நுழைக்க வேண்டும். அப்படிச் செய்தால் திருகு குழலில் முட்டி நிற்கும், ரப்பர் நசுங்காது. கம்பிகள் மரச்சட்டங்களின் கூர் விளிம்பில் உரசாமல் போக வேண்டும். இணைப்பான்களுக்குப் பூட்டுக் கிளிப் போட வேண்டும். சுவிட்சை எஞ்சினின் புகைபோக்கிக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு அதற்குள் இறங்காது. கடற்கரை ஊர்களில் பறக்கவிடுகிறவர்கள் இணைப்பான் முனைகளில் பச்சை படிகிறதா என்று அடிக்கடி பார்ப்பது நல்லது.

சர்வோக்களுக்கும் தேய்மானம் உண்டு. மின்சாரம் இல்லாதபோது கையை மெதுவாக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை திருப்பிப் பாருங்கள். எங்கேனும் நெருடினால் பல் உடைந்திருக்கிறது. மின்சாரம் கொடுத்து, நடுநிலையில் கை நடுங்கினால் உள்ளிருக்கும் மாறுதடை தேய்ந்திருக்கிறது. எதையும் செய்யாமல் முனகிக்கொண்டே இருந்தால் கம்பியோ கீலோ எங்கோ இறுகுகிறது. அந்த முனகல் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கிறது. கையை அச்சோடு பிணைக்கும் சிறு திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுநிலையைச் சரிசெய்யக் கழற்றிவிட்டு, திரும்பப் போட மறந்துவிடுவது அந்தத் திருகைத்தான்.

இத்தனை சிறு கவனிப்புகளும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம்? 2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கரின் குழு, நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஏவிய மாதிரி விமானத்தை அட்லாண்டிக் கடலைத் தாண்டி அயர்லாந்தில் இறக்கியது. எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்குக் குறைவான எடை. பால்சா மர உடம்பு. நடுக்கடலில் தானியங்கிக் கருவியும், புறப்படும்போதும் இறங்கும்போதும் மனிதக் கையும் செலுத்தின. 38 மணி 52 நிமிடம் அது இடைவிடாமல் பறந்தது. அதற்கு முந்தைய முயற்சிகள் தோற்றிருந்தன.

ஒவ்வொரு முறையும் அதே வரிசை

கடைசியாக, புறப்படும் முன் செய்ய வேண்டியவை. டிரான்ஸ்மிட்டரை முதலில் போடுங்கள், விமானத்தை அடுத்துப் போடுங்கள். அணைக்கும்போது விமானம் முதலில், டிரான்ஸ்மிட்டர் கடைசியில். இதனால் ரிசீவர் ஒருபோதும் சொல்வாரின்றி விழித்திருக்காது. சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். மோட்டாரை நிறுத்து என்பதே அந்தச் சொல்லாக இருக்கட்டும். ஓடும் விசிறியோடு ஆளில்லாமல் பறக்கும் விமானம் மனிதர்களுக்கு ஆபத்து. இந்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க விசிறியைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள்.

பலகை அசைகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், சரியான பக்கம் அசைகிறதா என்றும் பாருங்கள். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் பலகையான ஏலரான் மேலே எழ வேண்டும். பழுதுபார்த்து சர்வோவை மாற்றிய பிறகு இது தலைகீழாகி, புறப்பட்ட சில விநாடிகளில் விழுந்த விமானங்கள் பல.

ஒரு சிறு குறிப்பேடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேட்டரிக்கும் ஓர் எண் எழுதி ஒட்டுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்து, அளவாக இறக்கி, எத்தனை மில்லி ஆம்பியர் மணி கிடைத்தது, சுமையில் எத்தனை வோல்ட் சரிந்தது என்று தேதியோடு குறித்துவையுங்கள். உறையில் அச்சிட்ட கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிட்டால், அந்தப் பேட்டரி இனி விமானத்தில் ஏறக்கூடாது. தூரச் சோதனையில் கிடைத்த தூரத்தையும் அதே ஏட்டில் எழுதுங்கள். இந்த எண்கள் இறங்கத் தொடங்குவதை நீங்கள் தரையிலேயே பார்த்துவிட்டால், அதை வானில் கண்டுபிடிக்கும் வேலை உங்கள் விமானத்துக்கு இருக்காது.